ஏழு கன்னியர் மலையும் ‘விமானியின் தவறு’ என்னும் முடிவும்

விபத்துகளுக்கு வரலாறு உண்டா என்ற வினா சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். போர்களுக்கும் பஞ்சங்களுக்கும் கொள்ளை நோய்களுக்கும் வரலாறு எழுதப்பட்டுள்ளது. கணப்பொழுதில் நிகழ்ந்து முடியும் விமான விபத்தோ பத்திரிகைச் செய்தியாகப் பிறந்து, விசாரணை அறிக்கையாக முதிர்ந்து, பின்னர் ஆவணக் காப்பகத்தில் உறங்கிவிடுகின்றது. ஆயினும் காரணகாரியத் தொடர்பை ஆராய்வதே வரலாற்று மாணவனின் தொழில் எனின், அத்தொழிலைப் பயில்வதற்கு விமான விபத்து விசாரணையை விடச் சிறந்த களம் வேறொன்று கிடைப்பது அரிது. நிகழ்ச்சி ஒன்று, சான்றுகள் வரையறைக்குட்பட்டவை, காலம் நிமிடக் கணக்கில் பதிவாகியுள்ளது. அவ்வாறிருந்தும் ‘ஏன் நிகழ்ந்தது?’ என்ற வினாவுக்கு இருவேறு விடைகள் எழுந்துவிடுகின்றன. இலங்கை மண்ணில் 1974ஆம், 1978ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த இரு பெரும் விபத்துகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டுகளாகும்.

இவ்விரு விபத்துகளையும் கண்டிப் பிரதேசத்தில் வாழ்வோர் தமக்கு அந்நியமானவையாகக் கருத இயலாது. பாததும்பறையிலுள்ள மடவளை போன்ற ஊர்களில் ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றித் திரும்பியவருக்கு ‘ஹாஜியார்’ என்னும் பட்டம் ஆயுள் முழுவதும் நிலைத்துவிடுகின்றது. வாழ்நாள் முழுவதும் சேர்த்த சிறு சேமிப்பைக் கொண்டு, உற்றார் உறவினரிடம் பிழை பொறுக்கக் கேட்டு, கட்டுநாயக்காவில் விமானம் ஏறும் முதியவர்களை அவ்வூர்கள் நன்கறியும். மேற்கூறிய இரு விபத்துகளிலும் மாண்டோரில் மிகப் பெரும்பான்மையினர் இந்தோனேசியாவைச் சேர்ந்த அத்தகைய ஹஜ்ஜு யாத்திரிகரே. முதல் விமானத்தில் இருந்தவர்கள் மக்காவுக்குச் சென்றுகொண்டிருந்தவர்கள். இரண்டாவதில் இருந்தவர்கள் கடமையை முடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள்.

மத்திய மலைநாட்டின் நிலவமைப்பும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. பிதுருதாலகால மலை 8,281 அடியும் சிவனொளிபாத மலை 7,359 அடியும் உயரமுடையவை. மேற்குக் கரையிலுள்ள கட்டுநாயக்கா விமானத்தளமோ கடல்மட்டத்தை ஒட்டியுள்ளது. தென்கிழக்கிலிருந்து வரும் விமானம் இத்தீவைக் குறுக்கே கடந்து அத்தளத்தை அடையும்போது இம்மலைத் தொகுதி அதன் வழியில் குறுக்கிடும். மேலே உயரமாகப் பறக்கும்வரை மலையினால் தீங்கில்லை. எங்கே இறங்கத் தொடங்குவது என்பதில்தான் உயிரும் சாவும் தங்கியுள்ளன.

1974ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4ஆம் திகதி இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தா நோக்கி ஒரு டி. சி. 8 விமானம் புறப்பட்டது. ஒல்லாந்து நாட்டின் மார்ட்டினெயர் நிறுவனத்துக்குரிய அவ்விமானத்தை ஹஜ்ஜுப் பயணத்துக்காக இந்தோனேசியாவின் கருடா நிறுவனம் அமர்த்தியிருந்தது. 182 யாத்திரிகரும் 9 பணிக்குழுவினரும் அதில் இருந்தனர். கொழும்பில் இடையில் தங்கிச் செல்வது ஏற்பாடு. இரவு பத்து மணி கடந்த வேளையில் கொழும்புக் கட்டுப்பாட்டு நிலையத்துடன் தொடர்பு கொண்ட விமானம், படிப்படியாக இறங்குவதற்கு அனுமதி பெற்றது. இறுதியாக 2,000 அடிக்கு இறங்கும் அனுமதியும் கிடைத்தது. விமானத்தளம் அண்மையில் உள்ளது என்ற நம்பிக்கையுடன் விமானிகள் இறங்கினர். பத்தேகால் மணியளவில், மஸ்கெலியாவுக்கும் நோர்ட்டன் பிரிட்ஜுக்கும் அண்மையிலுள்ள ஏழு கன்னியர் மலைத்தொடரில், ஏறத்தாழ 4,355 அடி உயரத்தில் விமானம் மோதிச் சிதறியது. அவ்விடத்திலிருந்து கட்டுநாயக்கா ஏறத்தாழ 40 கடல் மைல் தூரத்தில் இருந்தது. 191 பேரில் எவரும் தப்பவில்லை. இலங்கையில் நிகழ்ந்த விமான விபத்துகளுள் உயிரிழப்பில் இதுவே மிகப் பெரியது.

உணவுத் தட்டுப்பாடு மலையகத் தோட்டங்களை வாட்டி வதைத்த ஆண்டும் அதே 1974 என்பதை இடையில் குறிப்பிடலாம். அம்மலையடிவாரத்துத் தேயிலைத் தோட்ட மக்களின் பட்டினிச் சாவுகள் உலகச் செய்தியாவதற்குப் பட்ட பாட்டை நோக்க, மலையுச்சியில் நிகழ்ந்த சாவுகள் ஒரே இரவில் உலகச் செய்தியாயின.

விபத்து எவ்வாறு நேர்ந்தது? ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவாக்கும். பெரிய விமானமொன்று ஓடுபாதையை நோக்கி ஏறத்தாழ மூன்று பாகைச் சரிவில் இறங்குவது வழக்கம். ஒரு கடல் மைல் முன்னேறும்போது ஏறத்தாழ 300 அடி உயரம் குறையும். ஆகவே 2,000 அடி உயரத்தில் இருக்கவேண்டிய விமானம் ஓடுபாதையிலிருந்து ஆறு அல்லது ஏழு கடல் மைல் தூரத்தில் இருத்தல் வேண்டும். நாற்பது கடல் மைல் தூரத்தில் அவ்வுயரத்தை நோக்கி இறங்கிய விமானம், தான் எங்கே இருக்கின்றது என்பதை அறியாதிருந்தது என்பதே பொருள். இறங்கிய முறையில் பிழையில்லை. இறங்கிய இடமே பிழை.

இடத்தை அறியாது போனமைக்கு விசாரணை கூறிய விளக்கம் கவனத்துக்குரியது. விமானத்தளத்தோடு ஒப்பிடுகையில் தமது இருப்பிடத்தைப் பணிக்குழுவினர் தவறாக அடையாளங் கண்டனர் என்றும், விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை றேடாரையும் சார்ந்திருந்தமை பிழையான பொருள்கோடலுக்கு இடமளித்தது என்றும் அது முடிவு செய்தது. டொப்ளர் கருவி கீழ்நோக்கி அலைகளை அனுப்பி, அவை திரும்பி வரும்போது ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு விமானத்தின் தரைவேகத்தையும் காற்றினால் விலகும் அளவையும் கணிக்கின்றது. புறப்பட்ட இடமும் சென்ற திசையும் கடந்த நேரமும் தெரிந்தால் இப்போது எங்கே இருக்கிறோம் என்பதைக் கூட்டிக் கழித்து அறியலாம் என்பதே அதன் அடிப்படை. பழைய மாலுமிகள் கயிற்றையும் மணற்கடிகாரத்தையும் கொண்டு செய்த கணக்கின் நவீன வடிவம் எனலாம். இத்தகைய கணக்கில் ஒரு குறை உண்டு. சிறு பிழை நேர்ந்தால் அது தானாக நீங்காது. நேரம் செல்லச் செல்லப் பெருகும். கடலின் மேல் பல மணி நேரம் பறந்த பின்னர், வெளியிலிருந்து கிடைக்கும் வேறொரு சான்றைக் கொண்டு அதனைச் சரிபார்த்தல் இன்றியமையாதது. வானிலை றேடாரோ மழைமேகத்தைக் காட்டுவதற்கென ஆக்கப்பட்டது. அதனைத் தரைநோக்கிச் சாய்த்துக் கரையோரத்தையும் மலையையும் இனங்காண்பது விமானிகளின் பழக்கமாயினும், திரையில் தோன்றும் ஒளித்திட்டுக்கு இது கரை, இது மலை, இது மேகம் என்று பெயரிடுவது காண்பவனின் எதிர்பார்ப்பே. கொழும்பு அண்மிவிட்டது என்று நம்புகிறவனுக்கு அத்திட்டு கொழும்பாகவே தோன்றும்.

வரலாற்று மாணவனுக்கு இந்நிலை புதிதன்று. தன் முடிவுக்கு இசைந்த கல்வெட்டைக் கண்டதும் பிற சான்றுகளைத் தேடாது நின்றுவிடும் ஆய்வாளனும், திரையில் தான் எதிர்பார்த்ததைக் கண்டதும் தரைநிலையத்தைக் கொண்டு சரிபார்க்காத விமானியும் ஒரே பிழையைச் செய்கின்றனர். ஆய்வாளன் செய்த பிழையை அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம்.

இவ்விபத்துக்கு மூன்றே நாட்களின் முன்னர், 1974 டிசம்பர் 1ஆம் திகதி, உலகின் மறுபக்கத்தில் ஏறத்தாழ இதே வகையான விபத்தொன்று நிகழ்ந்திருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் டி. டபிள்யூ. ஏ. நிறுவனத்துக்குரிய போயிங் 727 விமானம் ஒன்று வாஷிங்டனுக்கு அண்மையிலுள்ள டல்லஸ் விமானத்தளத்தை நெருங்குகையில், வெர்ஜீனியா மாநிலத்தின் வெதர் மலையில் மோதியது. இருந்த 92 பேரும் மாண்டனர். ‘இறங்குவதற்கு அனுமதி’ என்னும் கட்டுப்பாட்டாளரின் சொற்களை, உடனடியாக 1,800 அடிக்கு இறங்கலாம் என்று விமானிகள் பொருள் கொண்டனர். உயரத்தைக் காக்கும் பொறுப்பு விமானிகளையே சார்ந்தது என்று கட்டுப்பாட்டாளர் கருதினார். தம்மைக் கட்டுப்பாட்டாளர் காப்பார் என்று விமானிகள் கருதினர். இரு சாராருக்கும் இடையில் நின்ற மலையை எவரும் காக்கவில்லை. இன்னொரு செய்தி மேலும் துயரமானது. சில வாரங்களின் முன்னர் யுனைட்டட் நிறுவனத்தின் விமானமொன்று அதே இடத்தில் அதே பிழையைச் செய்து மயிரிழையில் தப்பியிருந்தது. அந்நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. பிற நிறுவனங்களின் விமானிகளுக்கு அவ்வெச்சரிக்கை எட்டவில்லை.

இவ்விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் ஐந்து உறுப்பினரும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. உரிய இடத்தை அடையுமுன் இறங்குவதென விமானிகள் எடுத்த முடிவே காரணம் எனவும், விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் இடையில் தெளிவின்மையை உண்டாக்கிய நடைமுறைகள் அதற்கு வழிவகுத்தன எனவும் மூவர் கூறினர். இருவர் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தனர். ஒலிப்பதிவும் வரைபடமும் சாட்சியமும் ஒன்றே. அவற்றை வாசித்த கண்கள்தாம் வேறு. ஆயினும் இவ்விபத்தின் விளைவுகள் பெரியன. வான்பறப்பில் நேர்ந்த ஆபத்துகளைத் தண்டனைக்கு அஞ்சாது அறிவிப்பதற்கென நாசா நிறுவனம் நடத்தும் அமைப்பு 1976இல் தொடங்கியது. தரையை அண்மிக்கும்போது எச்சரிக்கும் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களில் 1975ஆம் ஆண்டின் இறுதிக்குள் பொருத்தவேண்டும் என்ற விதியும் அமெரிக்காவில் பிறந்தது. ஏழு கன்னியர் மலையில் மாண்ட 191 பேரின் பெயரால் அத்தகைய விதி எதுவும் அறியப்படவில்லை. ஏழை நாடுகளின் விபத்துகள் எண்ணிக்கையாக நினைவுகூரப்படுவதும், செல்வ நாடுகளின் விபத்துகள் சட்டமாக நினைவுகூரப்படுவதும் வான்பறப்பு வரலாற்றின் ஓர் இயல்பு போலும்.

நான்கு ஆண்டுகளின் பின்னர், 1978 நவம்பர் 15ஆம் திகதி, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து சில நாட்களே ஆகியிருந்த வேளையில் இரண்டாவது விபத்து நிகழ்ந்தது. இம்முறை விமானம் ஐஸ்லாந்து நாட்டின் லொஃப்ட்லெய்டிர் நிறுவனத்துக்குரியது. அதுவும் டி. சி. 8 வகையே, அதனையும் கருடா நிறுவனத்தின் ஹஜ்ஜுப் பயணத்துக்கே அமர்த்தியிருந்தனர். ஜித்தாவிலிருந்து சுரபாயா செல்லும் வழியில் எரிபொருள் நிரப்பவும் பணிக்குழுவை மாற்றவும் கட்டுநாயக்காவில் இறங்கவேண்டியிருந்தது. நள்ளிரவை நெருங்கும் வேளை, இடியும் மழையும். ஓடுபாதையை எட்டுமுன்பே விமானம் தென்னந்தோப்பொன்றில் வீழ்ந்தது. 262 பேரில் 183 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் யாத்திரிகர் 175 பேர், பணிக்குழுவினர் 8 பேர். 79 பேர் உயிர் தப்பினர்.

முதல் விபத்தில் விமானம் தான் இருந்த இடத்தை அறியவில்லை. இரண்டாவதில் இடம் தெரியும், உயரமே பிழைத்தது. கட்டுநாயக்காவில் ஐ. எல். எஸ். எனப்படும் கருவியிறக்க முறை இருந்தது. ஓடுபாதையின் அண்மையிலிருந்து இரு வானொலிக் கற்றைகள் புறப்படுகின்றன. ஒன்று விமானம் ஓடுபாதையின் நேர்கோட்டில் உள்ளதா என்பதைக் காட்டும். மற்றையது உரிய சரிவில் இறங்குகின்றதா என்பதைக் காட்டும். விமானியின் முன்னுள்ள கருவியில் இரு ஊசிகளும் நடுவில் நிற்கும்வரை இருளிலும் மழையிலும் விமானம் கண்ணுக்குத் தெரியாத ஒரு படிக்கட்டில் இறங்குவதாகக் கொள்ளலாம். ஆயினும் அவ்வூசியை மட்டும் நம்பி இறங்குமாறு எந்த நடைமுறையும் கூறுவதில்லை. உயரமானியையும் இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவியையும் இடையறாது ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஒரு விமானி செலுத்தும்போது மற்றவர் உயரங்களை உரத்துக் கூறவேண்டும். குறித்த உயரத்தை அடைந்தும் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிடின் உடனே மேலெழுந்துவிடவேண்டும். இம்மூன்றும் சேர்ந்ததே நடைமுறை.

இலங்கை அதிகாரிகளின் விசாரணை இம்மூன்றும் பிழைத்தன என்று கூறியது. விதிக்கப்பட்ட இறங்கு நடைமுறையைப் பணிக்குழுவினர் பின்பற்றவில்லை. உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் அறிய இருந்த கருவிகளைச் சரிபார்த்துப் பயன்படுத்தவில்லை. துணை விமானி கூறவேண்டிய அறிவிப்புகளைக் கூறவில்லை. ஓடுபாதை தென்படாத நிலையிலும் தலைமை விமானி உரிய உயரத்தில் மேலெழவில்லை என்பன அதன் முடிவுகள். ஐஸ்லாந்து அதிகாரிகள் இதனை ஏற்கவில்லை. தளத்திலிருந்த கருவியிறக்கச் சாதனம் பழுதுற்றிருந்தது என்றும், கட்டுப்பாட்டாளரின் வழிகாட்டலில் பிழை இருந்தது என்றும் அவர்கள் வாதிட்டனர்.

இவ்விரண்டில் எது உண்மை? வரலாற்று மாணவன் முதலிற் கேட்கவேண்டிய வினா இதுவன்று. யார் எழுதினார், எந்நிலையில் நின்று எழுதினார் என்பதே முதல் வினா. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் பதின்மூன்றாம் இணைப்பு 1951இல் ஏற்கப்பட்டது. அதன்படி விபத்து நிகழ்ந்த நாடே விசாரணையை நடத்தும். விமானம் பதிவு செய்யப்பட்ட நாடு தன் பிரதிநிதியை அனுப்பும். விசாரணையின் நோக்கம் விபத்தைத் தடுப்பதேயன்றிப் பழி சுமத்துவதன்று என்றும் அவ்விணைப்பு வற்புறுத்துகின்றது. ஆயினும் விபத்து நிகழ்ந்த நாடே விமானத்தளத்தையும் அதன் கருவிகளையும் கட்டுப்பாட்டாளரையும் பராமரிக்கும் நாடு. பதிவு செய்த நாடே அப்பணிக்குழுவுக்கு உரிமம் வழங்கிய நாடு. இரண்டு தரப்பும் தத்தம் வீட்டைப் பற்றித் தாமே சாட்சி கூறவேண்டிய நிலை. ஒரு தரப்பு மனமறிந்து பொய் கூறியது என்று கொள்ளவேண்டியதில்லை. தன் வீட்டுச் சுவரிலுள்ள வெடிப்பு எவருக்கும் கடைசியில்தான் தென்படுகின்றது.

இரு அறிக்கைகளும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும், உண்மையில் அவை ஒரே சங்கிலியின் வெவ்வேறு கண்ணிகளைப் பற்றிப் பேசுகின்றன. கருவியின் கற்றை வளைந்திருந்தது என்று வைத்துக்கொண்டாலும், வளைந்த கற்றையைக் கண்டுபிடிப்பதற்கே உயரமானியும் துணை விமானியின் குரலும் ஏற்படுத்தப்பட்டன. அவை தவறின என்று கொண்டாலும், அக்காவல் தவறும் நாளில் முதற் காவலான கற்றை சரியாக இருந்திருக்கவேண்டும். நடைமுறை என்பது ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பட்ட காவல்களின் வரிசை. விபத்து நிகழவேண்டுமாயின் எல்லாக் காவலும் ஒரே இரவில் உறங்கியிருக்கவேண்டும். எந்தக் காவலாளியை முதலிற் சுட்டுவது என்பது அறிக்கை எழுதுபவரின் தெரிவு. ‘பணிக்குழுவின் தவறு’ என்னும் முடிவு பொய்யன்று. அது இறுதி முடிவும் அன்று.

இம்முடிவின் தன்மையை அறியத் தமிழ்நாட்டோடு தொடர்புடைய மற்றொரு விபத்தையும் நோக்கலாம். 1973 மே 31ஆம் திகதி சென்னையிலிருந்து டில்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737 விமானம், பாலம் விமானத்தளத்தை நெருங்கும்போது உயரழுத்த மின்கம்பிகளில் மோதி வீழ்ந்தது. அப்போது புழுதிப்புயல் வீசிக்கொண்டிருந்தது. 65 பேரில் 48 பேர் மாண்டனர். மாண்டோருள் இந்திய மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலமும் ஒருவர். தமிழகம் தன் சிறந்த அறிஞர்களுள் ஒருவரை இழந்தது. கருவிகளின் துணையுடன் இறங்கும்போது, ஓடுபாதையைக் காணாமலே அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த உயரத்துக்குக் கீழே விமானம் இறங்கியது என்பதே விசாரணையின் முடிவு. அங்கும் நடைமுறை மீறப்பட்டதாகவே அறிக்கை கூறிற்று.

குறைந்த உயரத்தை அடைந்ததும் ஓடுபாதை தெரியாவிடின் மேலெழ வேண்டும் என்பது பயிற்சி பெற்ற எவருக்கும் தெரிந்த விதி. தெரிந்தும் ஏன் மீறப்படுகின்றது? இவ்வினாவுக்குக் கருவிகளில் விடையில்லை, மனிதரிடத்தில்தான் உண்டு. இன்னும் ஐம்பது அடி இறங்கினால் விளக்கு தெரிந்துவிடும் என்ற நப்பாசை ஒன்று. பல மணி நேரப் பறப்பின் களைப்பு ஒன்று. அருகில் அமர்ந்திருப்பவர் மௌனமாக இருப்பது மற்றொன்று. தமிழ் அறிந்தவருக்கு இம்மௌனத்தை விளக்கவேண்டியதில்லை. மூத்தவரை நோக்கி ‘நீங்கள் பிழை செய்கிறீர்கள்’ என்று கூறுவதற்கு நமது மொழியிலுள்ள மரியாதைச் சொற்கள் உதவுவதை விடத் தடுப்பதே அதிகம். ‘கொஞ்சம் தாழ்வாக இருக்கிறதோ என்னவோ’ என்று வினாவாக மாற்றிக் கூறும் இளையவரின் பணிவு குடும்பத்துக்கு அழகு. விமானிகளின் அறையில் அதனால் உயிர் போகலாம்.

1997 ஆகஸ்ட் 6ஆம் திகதி குவாம் தீவில் கொரியன் எயார் நிறுவனத்தின் போயிங் 747 விமானம் மலையில் மோதியது. 254 பேரில் 228 பேர் மாண்டனர். அன்று அத்தளத்தில் சரிவைக் காட்டும் கற்றை இயங்கவில்லை என்பது முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. தலைமை விமானி இறங்கும் முறையைச் சரிவர விளக்கவும் நிறைவேற்றவும் தவறினார் என்றும், துணை விமானியும் பொறியியலாளரும் அதனைக் கண்காணித்துச் சரிபார்க்கத் தவறினர் என்றும் அமெரிக்க விசாரணைச் சபை கூறியது. ஆனால் அத்தோடு நிற்கவில்லை. தலைமை விமானியின் களைப்பையும், நிறுவனம் வழங்கிய பயிற்சியின் குறையையும், விமானம் அளவுக்கு மீறித் தாழ்ந்தால் கட்டுப்பாட்டாளரை எச்சரிக்கும் தரைச் சாதனத்தை அமெரிக்க அதிகாரிகளே முடக்கி வைத்திருந்ததையும் சேர்த்து எழுதியது. தன் அரசாங்கத்தின் பங்கையும் அச்சபை மறைக்கவில்லை என்பது பாராட்டத்தக்கது. 1978ஆம் ஆண்டின் இரு அறிக்கைகளையும் ஒருவரே எழுதியிருந்தால் எவ்வாறு இருந்திருக்கும் என்பதற்கு இது ஒரு முன்மாதிரி. இடைப்பட்ட காலத்தில், 1979இல் நாசா கூட்டிய கருத்தரங்கொன்றையடுத்து, பணிக்குழுவினர் ஒருவரையொருவர் தயங்காது திருத்துவதற்கான பயிற்சி விமான நிறுவனங்களில் பரவலாயிற்று. யுனைட்டட் நிறுவனம் 1981இல் அதனைத் தொடங்கியது.

பெரிய விமானங்களுக்கு இவ்வளவு காவல்கள் உண்டு. சிறிய விமானங்களின் நிலை வேறு. பலவற்றில் விமானி ஒருவரே. கருவியைப் பார்ப்பதும் வரைபடத்தைப் பார்ப்பதும் வானொலியில் பேசுவதும் உயரத்தைத் தமக்குத் தாமே கூறிக்கொள்வதும் அவரே. இருவர் இருந்தாலும் இருவரும் ஒரே கருவியை மறக்கக்கூடும் என்பதற்கு, அமெரிக்க செனட்டர் போல் வெல்ஸ்டனின் உயிரைப் பறித்த விபத்து சான்றாகும். 2002 ஒக்டோபர் 25ஆம் திகதி மினசோட்டா மாநிலத்தின் எவலெத் விமானத்தளத்தை அவரது கிங் எயார் விமானம் தாழ்ந்த மேகத்தினூடே கருவிகளின் துணையுடன் நெருங்கியது. வேகம் படிப்படியாகக் குறைந்து, காற்று இறக்கைகளைத் தாங்க இயலாத அளவை எட்டியது. விமானம் வீழ்ந்து எட்டுப் பேரும் மாண்டனர். மலையும் இல்லை, தென்னந்தோப்பும் இல்லை; வேகமானியின் முள் மட்டுமே. இரு விமானிகளின் கண்முன்னும் அது இறங்கிக்கொண்டிருந்தது. தளத்தின் வானொலி வழிகாட்டியில் காணப்பட்ட சிறு வழுவையும் விசாரணை ஆராய்ந்து, விபத்துக்கு அது காரணமன்று என ஒதுக்கியது.

எச்சரிக்கைக் கருவியின் கதையும் முழுமையாகக் கூறப்படவேண்டும். கனடாவில் பிறந்த பொறியியலாளர் டொன் பேட்மன் ஆக்கிய முதற் கருவி, விமானத்தின் நேர்கீழே உள்ள தரையை மட்டுமே அளந்தது. தரை மெல்ல உயர்ந்தால் அது போதிய முன்னறிவிப்புத் தந்தது. செங்குத்தான மலை திடீரென எதிர்ப்பட்டால் எஞ்சுவது சில விநாடிகளே. 1995 டிசம்பர் 20ஆம் திகதி கொலம்பியாவின் காலி நகருக்கு அண்மையில் மலையில் மோதிய அமெரிக்கன் எயர்லைன்ஸ் விமானத்தில் அக்கருவி ஒலித்தது. விமானிகள் மேலெழவும் முயன்றனர். ஆயினும் 159 பேர் மாண்டனர். ஆகவே 1974இல் அத்தகைய கருவி இருந்திருந்தாலும் ஏழு கன்னியர் மலையிலிருந்து அவ்விமானம் தப்பியிருக்கும் என்று உறுதியாகக் கூறுவதற்கில்லை. உலகின் மலைகளையெல்லாம் வரைபடமாக நினைவில் கொண்டு, எதிரே வரும் மலையை முன்கூட்டியே காட்டும் கருவி 1990களின் நடுப்பகுதியிலேயே வந்தது. பனிப்போர்க் காலத்தில் சோவியத் ஒன்றியம் இரகசியமாகத் தொகுத்து வைத்திருந்த நிலவரைபடத் தரவுகள், அவ்வொன்றியம் கலைந்த பின்னர் பேட்மனின் குழுவினருக்குக் கிடைத்தமை இதற்குப் பேருதவியாயிற்று. போருக்கென வரையப்பட்ட மலைகள் பயணிகளைக் காத்தன.

நோர்ட்டன் பிரிட்ஜில் 1974ஆம் ஆண்டு விபத்தின் நினைவாக அவ்விமானத்தின் சக்கரமொன்று வைக்கப்பட்டுள்ளது. தேயிலைச் சரிவுகளைக் கடந்து மேலே நோக்கினால் ஏழு கன்னியரும் தெரிவர், மேகம் விலகியிருந்தால். மலைநாட்டில் விபத்து அத்துடன் முடிந்துவிடவில்லை. 2020 ஜனவரி 3ஆம் திகதி வான்படைக்குரிய வை. 12 வகைச் சிறு விமானமொன்று அப்புத்தளைப் பகுதியில் வீழ்ந்து நால்வர் உயிரிழந்தனர். கண்டிக்கு விமானத்தளம் இல்லாமையால், நீரில் இறங்கும் சிறு விமானங்கள் மடவளைக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லை நீர்த்தேக்கத்திலும் அப்பாலுள்ள விக்டோரியா நீர்த்தேக்கத்திலும் இறங்குவதற்கு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. அந்நீர்ப்பரப்புகளில் கற்றையை அனுப்பும் கருவி எதுவும் இல்லை. விமானி மலையைக் கண்ணாற் கண்டே இறங்கவேண்டும். தும்பறைப் பள்ளத்தாக்கில் மேகம் தாழ்ந்துவிட்டால் அன்று பறப்பு இல்லை.